பீடி விட்ட ராஜையன்

அன்றைக்கும் ராஜையன் கக்கூசுக்குள் போன மாதிரியே வெளியே வந்தார். விளக்குமாற்றால் முற்றம் தூத்துக்கொண்டிருந்த மனைவி தாசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னத்துக்குப் பாக்க? இஞ்ச சினிமாவா ஓடுது?"

"நான் ஒண்ணும் பாக்கல்ல."

"பாத்த. நானுந்தான் பாத்தேன்."

அவள் மறுபடியும் குனிந்து தூத்தாள். ராஜையன் கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். முடிச்சு வயிற்றின் மேல் நிற்காமல் கீழே வழுக்கியது. பங்குனி மாதத்து வெயில் காலையிலேயே ஓட்டின்மேல் ஏறிவிட்டிருந்தது.

மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற உதியன்குளங்கரைப் பக்கம் கிணறு இறங்குகிறவர் என்றால் ராஜையன்தான். வெயில் காலத்தில் வாளி அடிமண்ணைத் தொடத் தொடங்கியதும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார். சேற்றை வாரி வாளியில் நிறைத்து மேலே அனுப்புவார். வேலை முடிந்ததும் சுவரில் கால் வைக்கக் குடைந்திருக்கும் குழிகளில் ஏறி, பல்லி மாதிரி மேலே வந்துவிடுவார். இடுப்புக் கயிறு பேருக்குத்தான்.

மாசியில் அது மாறிப்போனது. பாலராமபுரத்தில் ஒரு கிணற்றில் பாதி ஏறும்போது இருமல் பிடித்தது. விடாமல் பிடித்தது. கண் இருண்டு, கை தளர்ந்து, கயிற்றில் தொங்கினார். மேலே இருந்த கூட்டாளி பூதலிங்கமும் உதவியாள் சுபினும் அவரை இழுத்துப் போட்டார்கள். சேறும் சளியுமாகத் தரையில் கிடந்தவரை அந்த வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று போனில் படம் பிடித்தார்கள்.

தாசம்மாள் இருபது வருஷம் சண்டை போட்டும், சபையில் உபதேசியார் தலையில் கைவைத்து ஜெபித்தும், ஆஸ்பத்திரிச் சுவரில் கருகிப்போன நுரையீரலின் படத்தைப் பார்த்தும் பீடியை விடாதவர், அந்தக் கயிற்றில் தொங்கியதற்காக விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து ஓடையில் எறிந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பீடி நாற்றம் இல்லாமல் பக்கத்தில் வந்து படுத்த ராத்திரியில்தான் தாசம்மாளுக்கே தெரிந்தது.

மூச்சு சீக்கிரமே சரியாகிவிட்டது. வயிறுதான் மல்லுக்கு நின்றது. முன்பெல்லாம் காலையில் பால் விடாத ஒரு கட்டன்சாயா, பலாமரத்து மூட்டில் குந்தியிருந்து ஒரு பீடி, அது முடிவதற்குள் வயிறு கூப்பிட்டுவிடும். இப்போது கட்டன்சாயா உள்ளே போய் அங்கேயே இருந்தது. அதன்மேல் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சோறும் போய் இருந்தன. நாக்கில் ருசி திரும்பியிருந்ததால் எதைத் தின்றாலும் புதிதாகத் தின்பதுபோல இருந்தது. கை சும்மா இருக்க முடியாமல் சாயாக்கடையில் எண்ணெயில் பொரித்த ஏத்தக்காயப்பத்தை எடுத்தது. வீட்டில் மிச்சர் டப்பாவைத் திறந்தது. நார் மாதிரி இருந்த உடம்பு ஊதிக்கொண்டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக்கு எழுந்து நின்றபோது சட்டைப் பொத்தான் தெறித்துப்போய், தாசம்மாள் பெஞ்சுக்கு அடியில் தேடி எடுத்தாள்.

அவள் முற்றம் தூத்து முடிப்பதற்குள் பூதலிங்கத்தின் பெட்டி ஓட்டோ வந்து வாசலில் நின்றது. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்.

"லே ராஜையா, கரமனையில ஒரு கெணறு. அக்கிரகாரத்து வீடு. ரெண்டாழ்ச்ச, பதினாலு நாளு களிஞ்சு வரச் சொல்லுகாவ."

"போவோம்."

பூதலிங்கம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, புகையை மறுபக்கம் திரும்பி விட்டார். அந்த மட்டுக்கு மரியாதை.

"சுபினு எறங்கட்டு. நீ மேல நிண்ணு வாளி பிடி."

"எதுக்கு?"

"எதுக்குண்ணு கேக்கியா? போன ஆழ்ச்ச ஒன்ன எறக்குனப்ப கப்பி கெடந்து கீச்சுகீச்சுண்ணு கரைஞ்சுது. எனக்க தோளுப்பட்ட இன்னும் நோவுது. நீ பீடி வலிச்ச காலத்துல எப்பிடி இருந்தா? நாரு மாதிரி இருந்தா."

"அந்த நாரத்தானே நீ பாலராமபுரத்துல கயித்துல கெட்டித் தூக்கினா?"

பூதலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நான் ஒனக்க நல்லதுக்குச் சொல்லுகேன் கேட்டியா. காலத்தே எந்திரிச்சதும் ஒரு பீடி. ஒண்ணே ஒண்ணு மதி, கூடுதல் வேண்டாம். வயறு எளகும், தீனி கொறையும், எட எறங்கும். மருந்துண்ணு நெனச்சுக்கோ."

"மருந்துண்ணா நீ ரெண்டு கூடுதலா வலி. எனக்கு வேண்டாம். கரமனையில நாந்தான் எறங்குவேன்."

"பிராந்து பிடிச்சுப்போச்சு ஒனக்கு" என்று சொல்லிவிட்டு பூதலிங்கம் ஓட்டோவைத் திருப்பினார். போகிற போக்கில் தாசம்மாளைப் பார்த்து, "கொழுந்தி, ஒண்ணு சொல்லிப் பாருங்க" என்றார்.

அன்று மத்தியானம் வயிறு கல்லாகிவிட்டது. ராஜையன் நடையில் சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்தார், புரண்டார், எழுந்து நடந்தார், மறுபடி படுத்தார். ஓமம் போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளம் குடித்தார், சீரக வெள்ளம் குடித்தார். தாசம்மாள் விட்டுச்சென்ற கஞ்சியைப் பார்த்ததும் எங்கிருந்தோ ஆத்திரம் வந்து, பாத்திரத்தோடு எடுத்து முற்றத்தில் வீசினார். பயறும் அரைத்த தேங்காய்ச் சம்மந்தியும் மண்ணில் சிதறின. கோழிகள் ஓடிவந்தன.

தாசம்மாள் நூறுநாள் தொழிலுறப்பு வேலை முடிந்து வந்தாள். நைட்டிக்கு மேலே ராஜையனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துவர்த்துத் துண்டு, கையில் மண்வெட்டி. முற்றத்தைப் பார்த்தாள். கோழிகளைப் பார்த்தாள். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

திரும்பி வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தாள்.

"என்னது?"

"பாத்தா தெரியலியா? பீடி."

"யாருக்கு?"

"எனக்கா? கடைக்காரன் என்னப் பாத்துச் சிரிச்சான். 'அக்கா எப்ப தொடங்கினீங்க'ண்ணு கேட்டான். வலிச்சுட்டு கக்கூசுல போய் இருங்க. ஒண்ணுதானே."

ராஜையன் எழுந்து உட்கார்ந்தார். காய்ந்த இலையின் மணம் அந்தத் தூரத்திலேயே மூக்கில் ஏறியது. வாயில் எச்சில் ஊறியது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, வீட்டு நாய் எசமானின் செருப்புச் சத்தம் கேட்டதுபோல, காதைத் தூக்கியது. கை அவரைக் கேட்காமலே முன்னால் போனது. இரண்டு விரல்களுக்கு நடுவே பீடி வந்து உட்கார்ந்தது. எடையே இல்லை.

"இருவது வருசமா எனக்க பீடிய அடுப்புல தூக்கிப் போட்டவ நீ" என்றார்.

"போட்டேன். இப்ப நானே வாங்கிட்டு வந்திருக்கேன். அப்ப எனக்கு எவ்வளவு பயம்ணு பாத்துக்கிடுங்க."

"வயறு அடச்சு எவனாவது செத்திருக்கானா?"

"செத்திருக்கான். எனக்க பெரியப்பன். குடலு முறுக்கித்தான் போனாரு. எனக்கு இந்த வெறைப்பெல்லாம் வேண்டாம். கஞ்சியத் தூக்கி எறியாம, தின்னு, வெளிக்குப் போயி, ஒறங்கி எந்திரிக்கிற ஒரு ஆளு போதும். அது பீடி வலிக்குத ஆளா இருந்தாலும் செரி." சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள்.

ராஜையன் பீடியை மூக்குக்குக் கீழே வைத்து முகர்ந்தார். பிறகு சொன்னார்:

"எட்டி, இத வலிச்சா நாளைக்குப் போவேன். செரி. நாளமறுநாளு? அதுக்கும் ஒண்ணு வேணும். ஒரு எலச் சுருட்டு கையில எனக்க பின்பக்கத்துச் சாவியக் குடுத்து வச்சிருந்தேன் இத்தற வருசம். அவன் வந்து தொறந்துவிட்டாத்தான் எனக்குப் போவும். இப்ப சாவியப் பிடுங்கியாச்சு. பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு, எளகல்ல. அதுக்காவ திரும்பக் கொண்டுபோயி அவங்கையிலயே குடுக்கவா? மாட்டேன். வெடிச்சுச் செத்தாலும் மாட்டேன்."

தாசம்மாளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. முந்திக்குப் பதிலாகச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

அவர் பீடியை அவளிடம் நீட்டினார். "இந்தா, அடுப்புல போடு. ஒனக்குப் பழக்கம் விட்டுப்போவாண்டாம்."

"அப்ப நாளைக்கு ஆசுபத்திரிக்கு வரணும்."

"வரேன்."

"கஞ்சி எறிஞ்சதுக்கு?"

அவர் எழுந்து போய், கோழிகளை விரட்டிவிட்டு, மண்ணில் கிடந்த பாத்திரத்தை எடுத்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவினார்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி என்று ஒரு பெண் இருந்தாள். நகரத்தில் கோட்டைக்குள் குடியிருக்கும் தமிழ்ப் பிராமணக் குடும்பம். ராஜையன் மலையாளத்தில் தொடங்கி, வயிற்றைப் பற்றிச் சொல்ல வந்ததும் தமிழுக்குத் தாவியதைப் பார்த்து, அவளும் தன் வீட்டுத் தமிழுக்கு வந்தாள். படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். ரத்தம் போகிறதா, வாந்தி உண்டா, காற்றாவது பிரிகிறதா என்று கேட்டாள்.

"காத்து நல்லாப் பிரியுது டாக்டரே. அதுக்குக் கொறவில்ல" என்றாள் தாசம்மாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை. பீடில இருக்கற நிகோட்டின் இத்தனை நாளா குடலைத் தள்ளிவிட்டுண்டிருந்தது. இப்போ தள்ள ஆளில்லை. அது தானா நடக்கப் பழகணும், கொஞ்சம் நாளாகும். இசப்கோல் உமி தரேன், ராத்திரி வெள்ளத்துல கலந்து குடிங்கோ. நாலு நாளைக்கு ஒரு சிரப்பும் இருக்கட்டும். வெள்ளம் நிறையக் குடிக்கணும், காலம்பற நடக்கணும். வலி தாங்காம வந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ரத்தம் போனாலோ உடனே இங்க வந்துடணும், கேட்டேளா?"

"இந்தத் தொந்தி?" என்று ராஜையன் கேட்டார்.

"விட்டவா நிறையப் பேருக்குக் கூடும். அதுக்காகத் திரும்பப் பிடிக்கறதுதான் மண்டத்தரம், முட்டாள்தனம். கை சும்மா இருக்கமாட்டேங்கறதுன்னா வெள்ளரிக்காயைக் கடிங்கோ. ஏத்தக்காயப்பத்தை விட்டுடுங்கோ."

"பீடியையும் விட்டு, அப்பத்தையும் விட்டு..." என்று ராஜையன் முனகினார். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டார்: "நான் கெணத்துல எறங்கலாமா?"

அவள் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சிலும் முதுகிலும் வெகுநேரம் கேட்டாள். "மூச்சு நன்னா இருக்கு. தொந்தி கெணத்துக்குள்ள நொழையுமா?"

"நொழையும்."

"அப்போ எறங்குங்கோ. கயிறு மட்டும் நல்ல கயிறா இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ராஜையன் வீட்டுச் சமையல் மாறியது. மரச்சீனி பாதியாகக் குறைந்தது. முருங்கைக்கீரையும் வாழைத்தண்டும் பயறும் வந்தன. பக்கத்து வீட்டு ஷிஜி தன் வீட்டுப் பப்பாளிகளை மதில் வழியாகக் கொடுத்தாள். காலையில் கால்வாய்க் கரை வழியே ராஜையன் வேகமாக நடந்தார். எதிரே வந்தவர்கள், "எங்கோட்டு ராஜையண்ணே, இத்தற வேகத்துல?" என்று கேட்டால், "வயத்தத் தேடி" என்றார். வெள்ளரிப் பிஞ்சை நீளமாகக் கீறி, இரண்டு விரலுக்கு நடுவே பீடி மாதிரிப் பிடித்துக்கொண்டு பலா மூட்டில் குந்தியிருந்தார். சில நாள் வயிறு சொன்ன பேச்சைக் கேட்டது. சில நாள் கேட்கவில்லை. சிரப்பு தீர்ந்த பிறகு கேட்காத நாளே அதிகம். கேட்காத நாளில் அவர் வயிற்றைக் கையால் தட்டி, "நீ எத்தற நாளு வேணும்னாலும் அடம்பிடி. நானும் பிடிப்பேன்" என்று சத்தமாகவே சொன்னார். தொந்தி ஒரு விரல்கூட இறங்கவில்லை. தாசம்மாள் சபைச் சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்து, துணி வைத்து விரித்துத் தைத்தாள்.

கரமனைக்குப் போகிற அன்றைக்கும் அவருக்கு வயிறு போயிருக்கவில்லை. தாசம்மாளிடம் அதைச் சொல்லாமல் பெட்டி ஓட்டோவில் ஏறினார்.

கரமனை அக்கிரகாரத்தில் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகள். நீளமான நடை வழியாகப் போனால் பின்னால் குறுகலான முற்றம், அதில் கிணறு. வீட்டுக்கார அம்மாள் சூடாமணிக்கு எழுபது வயதிருக்கும். முழங்கால் வலியோடு வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"ஜலத்துல ஒரே வாடை. அடி மண்ணு வரைக்கும் எடுத்துடணும், கேட்டேளா? இதுல யார் எறங்கறது?"

"நான்" என்றார் ராஜையன்.

அவள் அவருடைய தொந்தியைப் பார்த்தாள். பூதலிங்கத்தைப் பார்த்தாள். "பார்த்து எறக்குங்கோப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மோட்டார் ஓடி, தண்ணீர் வற்றியது. உள்ளே நல்ல காற்று இருக்கிறதா என்று மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வாளியில் வைத்து அடிவரைக்கும் இறக்கிப் பார்த்தார்கள். அணையவில்லை. சுபின் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். அவன் முப்பது வயதுக்காரன், ஜிம்முக்குப் போகிறவன்.

"மாமா, ஞான் எறங்காம். மாமா ரெஸ்ட் எடு."

"ரெஸ்டு நான் செத்தப்பெறவு எடுப்பேன்" என்று கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கி, ராஜையன் தன் தொந்திக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போட்டார். பூதலிங்கம் கயிற்றின் மறுநுனியைத் தூணில் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றினார்.

கீழே குளிர்ச்சியாக இருந்தது. மேலே வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. முழங்கால்வரைச் சேறு. ராஜையன் குனிந்து வாரி, வாளியை நிறைத்து, கயிற்றைச் சுண்டினார். வாளி மேலே போயிற்று, காலியாக வந்தது, மறுபடி போயிற்று. ஒரு எவர்சில்வர் தம்ளர், ஒரு பூணூல் கொத்து, பிள்ளைகள் போட்ட பந்துகள் என்று என்னென்னவோ வந்தன. குனிந்து குனிந்து எழுந்ததில் வயிறு உருளத் தொடங்கியது. பிறகு அவர் எதிர்பாராமல் ஒரு நீளமான காற்றுப் பிரிந்தது. கிணற்றின் சுவர்கள் அதை வாங்கி, பெரிதாக்கி, மேலே அனுப்பின.

"எந்தா மாமா, அடியில இடி வெட்டுதா?" சுபினின் தலை வானத்தட்டின் ஓரத்தில் தெரிந்தது.

"வெடி வச்சேன். சேறு எளகட்டு."

மேலே சூடாமணி அம்மாளின் சிரிப்பும் கேட்டது.

சோற்று நேரம் ஆயிற்று. "கயித்துல நல்லா இரி, இழுக்கோம்" என்று பூதலிங்கம் குரல் கொடுத்தார்.

"இழுக்காண்டாம். தளத்திப் பிடி. நான் ஏறுவேன்."

"லே, வெளையாடாத."

"தளத்திப் பிடிண்ணேன்."

முதல் குழியில் கால் வைத்தார். பழைய உடம்பு இல்லை. தொந்தி சுவரில் உரசித் தோல் வழன்றது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல எரிந்தது. பாதியில் நின்றார். இருமல் வருகிறதா என்று நெஞ்சு தானாகக் காத்திருந்தது. மூச்சை இழுத்தார். அது தடங்கல் இல்லாமல் உள்ளே போய், அடி வயிறு வரைக்கும் நிறைந்து, திரும்பி வந்தது. இன்னொருமுறை இழுத்தார். சுவரின் ஈர மண்ணும் பாசியும் மணத்தன. எத்தனையோ கிணறு இறங்கியிருக்கிறார். மண்ணுக்கு இப்படி ஒரு மணம் இருக்கிறது என்று தெரியாது. பிறகு அவசரப்படாமல் கால் மாற்றிக் கால் வைத்து ஏறினார். அவர் தலை கைப்பிடிச் சுவருக்கு மேலே வந்தபோது பூதலிங்கம் தளர்ந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

ஒரு காலைச் சுவருக்கு வெளியே போட்டதும் ராஜையனின் முகம் மாறியது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று பெயர்ந்து, சந்தேகமே இல்லாமல், கீழே இறங்கத் தொடங்கியது.

"அம்மா, கக்கூசு எங்க?"

சூடாமணி அம்மாள் திகைத்தாள். "கொல்லைல ஒண்ணு இருக்கு. பூட்டி வருஷமாச்சு. சாவி எங்க வெச்சேனோ..."

"சாவி தேடுகதுக்கு நேரமில்லம்மா."

தலையிலிருந்து கால்வரைச் சேறு வடிய நின்ற அந்த மனிதரையும், காலையில் துடைத்துக் கோலம் போட்ட நடையையும் அவள் மாறிமாறிப் பார்த்தாள். அந்த நடையில் வேலைக்கு வந்தவர்கள் கிணற்றடிவரை வந்திருக்கிறார்கள், உள்ளே திரும்பியதில்லை. ராஜையன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணைத் தாழ்த்தவில்லை.

"வலது கைப் பக்கம் திரும்பினா ரெண்டாவது கதவு" என்றாள் அவள். "நிக்காதேங்கோ, ஓடுங்கோ!"

அவர் ஓடினார். பளபளத்த தரையில் சேற்றுக் காலடிகள் அவர் பின்னால் ஓடின.

வெகுநேரம் கழித்து வந்தார். முகம், ஜுரம் விட்டவன் முகம்போலத் தெளிந்திருந்தது. வாளியும் துணியும் கேட்டார்.

"விடுங்கோ, நான் தொடச்சுக்கறேன். ஆச்சா?"

"ஆச்சு அம்மா."

"அப்பாடா" என்றாள் சூடாமணி அம்மாள், தனக்கே ஆன மாதிரி.

குழாயடியில் கையைக் கழுவிவிட்டு ராஜையன் போனை எடுத்தார். "எட்டி தாசம்மா, போச்சு."

"என்னது போச்சு? கயிறு அந்துபோச்சா? ஆருக்கு என்னாச்சு?"

"கயிறு ஒண்ணும் அறல்ல. எனக்க வயறு போச்சு. பீடி இல்லாத, சிரப்பு இல்லாத, தன்னால போச்சு."

மறுமுனையில் தாசம்மாள் சிரித்தாள். அவளைத் தொடர்ந்து தொழிலுறப்புப் பெண்கள் கூட்டமாகச் சிரிக்கிற சத்தம் வந்தது.

"எல்லாரிட்டயும் சொல்லாத!"

"சொல்லியாச்சு" என்றாள் அவள்.

கிணற்றடியில் உட்கார்ந்து சோறு தின்றார்கள். ராஜையன் கீரையும் பயறும் தின்று, வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தார். பூதலிங்கம் கை கழுவிவிட்டு வந்து பீடியைப் பற்றவைத்தார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ராஜையனின் வயிற்றை உற்றுப் பார்த்தார். சுவரில் வழன்ற இடம் சிவந்திருந்தது.

"எல்லாஞ் செரி. தொந்தி அப்பிடியேதான நிக்குது."

"நிக்கட்டு" என்றார் ராஜையன். "எனக்க தொந்தி. அதுக்குச் சோறு போடுகதும் நான், செமக்குகதும் நான். அடியில இன்னும் சேறு கெடக்கு. நீ கயித்தப் பிடி."

அவர் முடிச்சை இறுக்கிப் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறிக் காலை உள்ளே தொங்கவிட்டார். பூதலிங்கம் பாதிப் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தார்.